பிரிந்து நிற்கும் தோட்டத்துச் சபையை ஒன்று சேர்ப்பது எப்படி: தாழ்மையின் வரிசை, படிப்படியாக

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா), ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் தமிழ்ச் சபைகள் சிறியவை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். அதனால் சபையில் ஒரு மனத்தாங்கல் வந்தால் அது சபையோடு நிற்காது. கல்யாண வீட்டுப் பந்தியிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும், சாவு வீட்டிலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத சபை இல்லை. இயேசு தம்மைத் தாழ்த்தியதைச் சொல்லும் பிலிப்பியர் 2-ம் அதிகாரம் பலருக்கு மனப்பாடம். அப்படியும் பிரிவு ஆறாமல் இருப்பதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வரிசை தப்பிவிடுகிறது. யார் முதலில் இறங்கி வர வேண்டுமோ அவர் கடைசியில் வருகிறார். கடைசியில் செய்ய வேண்டிய கால் கழுவும் ஆராதனையை முதலில் வைத்துவிடுகிறோம்.

சபை மூப்பர், குழுச் செயலாளர், பெண்கள் ஐக்கியத் தலைவி, புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் போதகர் என்று இந்த வேலையில் கை வைக்கப் போகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன்: இது தாழ்மையால் தீருகிற சண்டைதானா?

பாட்டு, மைக், இருக்கை, சமையல், வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் பவனியில் எந்த வீடு முதலில், யாருக்குச் சொன்னார்கள், யாருக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனத்தாங்கல்களுக்குத்தான் இந்த வழி. இவற்றைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். சபைகள் உடைவது அநேகமாக இவற்றில்தான்.

பணம் காணாமல் போயிருந்தால் முதலில் கணக்கு. காணிக்கைப் புத்தகமும் வங்கி அறிக்கையும் வெளியாள் ஒருவர் பார்வையில் ஒத்துப் போக வேண்டும். கணக்கைத் திறக்காமல் "விட்டுக்கொடுத்துப் போவோம்" என்று சொன்னால், கேள்வி கேட்டவர் பெருமைக்காரராகவும் கணக்கை மூடி வைத்தவர் சமாதானக்காரராகவும் மாறிவிடுவார்கள்.

அடி, உதை, பிள்ளைகளிடம் தவறான நடத்தை என்றால் இந்த வழிகாட்டியை மூடி வையுங்கள். அடி வாங்கிய பெண்ணிடம் "தாழ்ந்து போம்மா" என்று சொல்ல எந்த வசனமும் உங்களுக்கு அதிகாரம் தரவில்லை. போலீஸ் புகார் இருக்கிறது. தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999 இருக்கிறது. அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவு இருக்கிறது. கூட்டிப் போங்கள், கூடவே இருங்கள்.

குழந்தை ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா என்பது போன்ற உபதேச வேறுபாடுகள் தனி ரகம். அதைப் பேசுகிற தொனியைத் தாழ்மை திருத்தும். முடிவை அது சொல்லாது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

2. முன்கூட்டியே தேவைப்படுவது

முதலில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு பக்கத்து வீட்டிலும் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கக் கூடியவர். பிலிப்பி சபையில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் ஒத்துப் போகவில்லை. பவுல் இருவரையும் பேர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். அதோடு விடாமல், அவர்களுக்கு உதவியாக இரு என்று மூன்றாவது ஒருவரையும் கேட்கிறார் (பிலிப்பியர் 4:2, 3). சண்டை போட்டவர்கள் தாங்களாகவே சரி செய்துகொள்வார்கள் என்று பவுலே விடவில்லை.

தோட்டத்து ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத ஆள் கிடைப்பது கஷ்டம். அப்படியானால் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேரை எடுங்கள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். தனித்தனியாகப் போனால் ஒரே வாரத்தில் இரண்டு கதை உருவாகிவிடும்.

இரண்டாவது, காலம். ஆண்டுக் கூட்டத்துக்கு முந்திய வாரங்களில் தொடங்காதீர்கள். அப்போது எந்த மன்னிப்பும் ஓட்டுக்காகக் கேட்டது போலத்தான் தெரியும். டிசம்பரும் ஆகாது, எல்லோரும் களைத்திருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் நல்லது. நாற்பது நாள் இருக்கிறது, பெரிய வியாழனும் முடிவில் வருகிறது, ஆட்களும் தங்களைச் சோதித்துப் பார்க்கிற மனநிலையில் இருப்பார்கள்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். வாட்சாப்பில் எதையும் எழுதாதீர்கள். எழுதிய வரி, யாருக்கு எழுதப்பட்டதோ அவரோடு நிற்பதில்லை.

நான்காவது, போதகரின் ஒப்புதல். அதோடு அவருடைய மௌனமும் வேண்டும். இந்த வேலை நடக்கிற வாரங்களில் பிரசங்க பீடத்திலிருந்து சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. "நம்மில் சிலர்" என்று ஆரம்பித்தாலே போதும், அந்தச் சிலர் யார் என்று கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். புதிதாக வருகிற போதகர்கள் தடுக்கி விழுகிற முதல் இடம் இது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை உட்கார வைத்துக் குறை சொல்வது அவரைக் கூட்டத்தின் முன் தலைகுனிய வைப்பதுதான். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.

3. முதல் படி: குரல் குறைந்த வீட்டுக்கு முதலில் போங்கள்

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு வரிசை இருந்தது. துரை (நிர்வாகி), கிராணி (குமாஸ்தா), மண்டோர் (மேற்பார்வையாளர்), அப்புறம் பால்மரம் வெட்டுகிற வெட்டுக்காரர். தோட்டங்கள் கைமாறின, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் இடிந்தன, எல்லோரும் ஒரே தாமானில் (குடியிருப்பில்) ஒரே அளவு மலிவு விலை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் பல சபைகளில் அந்த வரிசை மட்டும் முன் பெஞ்சில் அப்படியே இருக்கிறது. கிராணி வீட்டுப் பேரப்பிள்ளை வேதபாடம் வாசிப்பார், வெட்டுக்காரர் வீட்டுப் பேரப்பிள்ளை நாற்காலி அடுக்குவார். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பழக்கம். இதோடு சாதியும் சில இடங்களில் சேர்ந்திருக்கிறது. அதைப் பேர் சொல்லிப் பேசத் தயாராக இருங்கள். பேர் சொல்லாமல் சுற்றி வளைத்தால், அதைச் சுமந்தவர்கள் உங்களை நம்ப மாட்டார்கள்.

அதனால்தான் எந்த வீட்டுக்கு முதலில் போகிறீர்கள் என்பது முக்கியம். பெரிய வீட்டுக்கு முதலில் போனால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும்போது, "அவங்க அனுப்பி வந்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். யாக்கோபு 2-ம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும், ஏழைக்குப் பாதபடி அண்டையில் இடமும் கொடுத்ததைத்தான் கண்டிக்கிறார். வீடு சந்திக்கிற வரிசையும் ஒரு வகையில் இருக்கை வரிசைதான்.

போகும் முன் போன் செய்யுங்கள். பேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற வீடாக இருந்தால் எந்த வாரம் இரவு ஷிஃப்ட் என்று கேட்டு நேரம் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்தவரிடம் சமாதானம் பேசினால் சண்டைதான் மிஞ்சும். கொடுப்பதைச் சாப்பிடுங்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: "என்ன நடந்தது? எப்போதிலிருந்து இப்படி?" அதற்கு மேல் பேசாதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள், மறுபக்கத்துக்காகப் பரிந்து பேசாதீர்கள். "அவர் மனசுல அப்படி ஒண்ணும் இல்லக்கா" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த அக்கா அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

சண்டை என்று ஊர் சொல்வதும் வீட்டில் கேட்பதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு சபையில் கேரல் பவனியில் ஒரு வீட்டை விட்டுவிட்டார்கள் என்பதுதான் சண்டை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டபோது கேரல் பேச்சு கடைசியில்தான் வந்தது. "எத்தனை வருசமா குசினியில நிக்கிறேன் தம்பி. என்ன சமைக்கலாம்னு ஒரு தடவ என்னைக் கேட்டிருப்பாங்களா? பானை கழுவ மட்டும் என் பேரு ஞாபகம் வரும்." கேரல் பாடகர்கள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பாடியிருந்தால் ஒன்றும் தீர்ந்திருக்காது.

சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுந்து வரும் முன் வாசித்துக் காட்டி, "நான் சரியாக எழுதியிருக்கிறேனா?" என்று கேளுங்கள். நான்கு வரிதான் இருக்கும். ஆனால் தன் பேச்சை ஒருவர் எழுதி, திரும்ப வாசித்து, திருத்தவும் இடம் கொடுப்பது பலருக்கு அந்தச் சபையில் முதல் அனுபவமாக இருக்கும். இதை அவசரப்படுத்தாதீர்கள். மொத்த வேலையில் பாதி இங்கேயே முடிகிறது.

4. இரண்டாம் படி: உங்கள் பேரில் உள்ள குறையை மட்டும் எழுதச் சொல்லுங்கள்

எல்லா வீட்டையும் கேட்டு முடித்த பிறகு, இரண்டு பக்கத்திலும் முக்கியமானவர்களிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அதில் மற்றவர் செய்ததை எழுதக் கூடாது. தன்னைப் பற்றி மற்றவருக்கு என்ன குறை இருக்கும் என்று மட்டும் எழுத வேண்டும்.

காரணம் மத்தேயு 5:23, 24-ல் இருக்கிறது. காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். யார்மேல் குறை இருக்கிறதோ அவர் கிளம்ப வேண்டும். நாமோ, யாருக்குக் குறை இருக்கிறதோ அவரே வந்து பேசட்டும் என்று காத்திருக்கிறோம்.

எழுத முடியவில்லை என்று சிலர் சொல்வார்கள். "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்றால், அனுமதி பெற்று, நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை வாசித்துக் காட்டுங்கள். ஒன்று போதும். முழுப் பட்டியலையும் வாசித்தால் மனிதர் தற்காப்புக்குப் போய்விடுவார்.

5. மூன்றாம் படி: மேலே இருப்பவர் முதலில் இறங்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பியர் 2:6-8-ல் தேவனுடைய ரூபமாயிருந்தவர்தான் அடிமையின் ரூபமெடுக்கிறார். இறங்குவதற்கு உயரம் இருந்தவர் இறங்கினார். கீழே இருப்பவரை முதலில் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் சபையில் எதுவும் அசையாது. தோட்டத்தில் என்றைக்கும் நடந்ததுதான் மறுபடி நடக்கிறது. பார்க்கிறவர்கள் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வழக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

யார் மேலே இருப்பவர்? பதவியை வைத்துப் பார்க்காதீர்கள். கோயில் சாவி யாரிடம்? காசோலையில் யார் கையெழுத்து? மைக் யார் கையில்? வேன் யாருடையது? போதகர் யாரிடம் முதலில் கலந்து பேசுகிறார்? விஷயத்துக்கு விஷயம் இது மாறும். பாட்டு விஷயத்தில் பல சபைகளில் இளையவர்கள்தான் மேலே. கீபோர்டும் திரையும் அவர்கள் கையில். மலாய் மொழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் திரையில் பாட்டு ரோமன் எழுத்தில் ஓடும். கீர்த்தனைப் புத்தகத்தோடு வந்த பாட்டி அதை வாசிக்க முடியாமல் நிற்பார். அங்கே பாட்டிதான் குரல் குறைந்தவர். திரையை நடத்துகிற தம்பிதான் இறங்கி வர வேண்டும். இரண்டு எழுத்தையும் மேலும் கீழுமாகப் போடுவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை யார் செலவழிப்பது என்பதில்தான் தாழ்மை இருக்கிறது.

மேலே இருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். "உங்களுக்குப் பெருமை" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஐயா, நீங்க முதலில் போனால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்" என்று சொல்லுங்கள். அது முகஸ்துதி இல்லை, உண்மை. அன்றைக்கே முடிவு கேட்காதீர்கள். ஒரு வாரம் ஜெபிக்க விடுங்கள்.

மறுத்துவிட்டால் நிறுத்துங்கள். அடுத்த படிக்குப் போகாதீர்கள். பலர் இங்கே தவறுகிறார்கள். "அவர் வராவிட்டால் என்ன, இருக்கிறவர்களை வைத்து ஒப்புரவாக்குவோம்" என்று கூட்டம் கூட்டுவார்கள். தோற்ற ஒப்புரவுக் கூட்டம் ஒன்று நடந்துவிட்டால், அடுத்ததற்கு ஆள் சேர்ப்பது இரண்டு மடங்கு கஷ்டம். காத்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

6. நான்காம் படி: மன்னிப்புக் கேட்கும் விதம்

அவர்கள் வீட்டில் கேளுங்கள். கோயிலில் வேண்டாம், கூட்டத்தின் முன்னும் வேண்டாம். கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டால், கேட்கப்பட்டவர் எல்லோர் முன்னும் "சரி" என்றுதான் சொல்ல முடியும். அது அவரைக் கட்டிப்போடுவது.

வெறும் கையோடு போக நமக்கு மனம் வராது. பிஸ்கட் பொட்டலமோ வாழைப்பழமோ போதும். பெரிய கூடை நிறையப் பரிசு கொண்டு போகாதீர்கள். அது வந்தவுடன் வீட்டுக்காரர் நன்றி சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். நன்றி சொன்ன வாயால் குறை சொல்ல முடியாது.

வேண்டாத வாக்கியங்கள் இவை: "உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க." "நானும் தப்புப் பண்ணியிருக்கலாம், ஆனா நீங்களும்..." "கர்த்தருக்காக விட்டுடுவோம்." முதலாவது தப்பு நடந்ததா என்பதையே சந்தேகத்தில் வைக்கிறது. இரண்டாவது பேரம் பேசுகிறது. மூன்றாவது கர்த்தரைக் காட்டி வாயை அடைக்கிறது.

நன்றாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சமையல் பொறுப்பில் இருந்த அண்ணன், மேலே சொன்ன அந்த அம்மாவின் வீட்டுக்குத் தன் மனைவியோடு போனார். "அக்கா, இத்தனை வருசம் உங்களைக் கேக்காமலே மெனு போட்டுட்டேன். கழுவ மட்டும் கூப்பிட்டேன். அது உங்களை வேலைக்காரியா நடத்தினது மாதிரி. தப்பு என்னுது. ஈஸ்டர் சாப்பாட்டுக்கு என்னா சமைக்கணும்னு நீங்க சொல்லுங்க, நான் வெங்காயம் உரிக்க வர்றேன்." அவ்வளவுதான். செய்ததைப் பேர் சொன்னார், அது அந்த அம்மாவுக்கு என்ன செய்தது என்று சொன்னார், "ஆனால்" சொல்லவில்லை, அடுத்து என்ன மாறும் என்று சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார்.

சகேயு மனந்திரும்பியபோது எவ்வளவு என்று சொன்னார்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதில் நாலத்தனை (லூக்கா 19:8). அளவு சொல்லாத மனந்திரும்புதலை யாரும் சரிபார்க்க முடியாது.

கேட்கப்பட்டவருக்கும் ஒரு வார்த்தை. மனதில் ஆறாமல் இருக்கும்போது "பரவால்ல, விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "கேட்டுக்கிட்டேன், எனக்குக் கொஞ்சம் நாள் வேணும்" என்பது நேர்மையான பதில். அதை வாங்கிக்கொண்டு திரும்பி வரத் தெரிந்தவர்தான் உண்மையில் மன்னிப்புக் கேட்டவர். "அவ்வளவு தூரம் போயும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டாங்க" என்று வெளியே வந்து சொன்னால் போனதற்கே அர்த்தம் இல்லை.

7. ஐந்தாம் படி: இப்போதுதான் ஒரே மேசை

மத்தேயு 18:15-17-ல் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் அவனும் நீயும் தனித்திருக்கையில். பிறகு இரண்டொருவர். அதற்குப் பிறகுதான் சபை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் குழுக் கூட்டத்தில் பொரிந்து தள்ளுவோம், பிறகு நாலு பேர் காதில் போடுவோம், கடைசி வரை உரியவரிடம் பேச மாட்டோம்.

பக்கத்துக்கு இரண்டு பேர், நடுவர்கள் இரண்டு பேர். அதற்கு மேல் வேண்டாம். இடம் இரு பக்கத்துக்கும் பொதுவான வீடாக இருக்கட்டும். போன்கள் வேறொரு அறையில். பிலிப்பியர் 2:1-11-ஐ ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். விளக்கம் தொடங்கினால் வசனம் ஒருவர்மேல் ஒருவர் எறிகிற கல்லாகிவிடும்.

பிறகு ஒரு விதி: உங்கள் குறையைச் சொல்லும் முன், மறுபக்கத்தின் குறையை நீங்கள் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொல்கிறோம்" என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் முறை. ஆரம்பத்தில் தடுமாறுவார்கள். இரண்டு மூன்று தடவை திருத்தம் வரும். நடுவர் உதவட்டும். மற்றவர் வாயிலிருந்து தன் வேதனை சரியாக வருவதைக் கேட்கும்போது குரல் தானாகத் தணிகிறது.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முடியாவிட்டால் இன்னொரு நாள் வையுங்கள்.

8. ஆறாம் படி: கையில் இருப்பதை மாற்றிக் கொடுங்கள்

பேச்சோடு நின்ற ஒப்புரவு அடுத்த விழா வரைதான் தாங்கும். எருசலேம் சபையில் என்ன செய்தார்கள் என்று அப்போஸ்தலர் 6-ல் பாருங்கள். அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் (கிரேக்க மொழி பேசிய யூதர்) முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அதை முறுமுறுப்பு என்று கண்டித்து அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தியின் பொறுப்பு போய்விட்டது. அதைத் தொடர்ந்து வரும் 7-ம் வசனம் தேவவசனம் விருத்தியடைந்தது என்று சொல்கிறது.

அதே போல, யாருக்குக் குறை இருந்ததோ அவர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். சமையலில் குறை என்றால் மெனுவும் சாமான் வாங்கும் பணமும் அவர்கள் கையில். இன்னாருக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று முன்பே சொல்லி, ரசீதை மட்டும் கேளுங்கள். வேதபாடத்தில் குறை என்றால் மூன்று மாத வாசிப்பு அட்டவணையை அவர்களே போடட்டும்.

கேரல் பவனியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், இங்கே வருஷா வருஷம் சண்டை வருகிறது. வழக்கமாகப் பட்டணத்துப் பெரிய வீட்டில் தொடங்கி, தோட்டத்துக்குள் இன்னும் இருக்கிற வீடுகளுக்கு நடுநிசியில் போய்ச் சேர்கிறார்கள். அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும், பாடுகிறவர்களுக்குத் தொண்டை போய்விடும், ஒரே ஒரு பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டு அம்மாவோ மத்தியானத்திலிருந்து பலகாரம் சுட்டு வைத்துக் காத்திருப்பார். பாதையைத் திருப்பிப் போடுங்கள். மிகத் தூரத்துத் தோட்ட வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கி, பட்டணத்தில் முடியுங்கள். செம்பனைக் காட்டு மண் சாலையில் இருட்டில் வேன் ஓட்ட வேண்டியதும் இருக்காது. பெரிய வீட்டுக்காரர் தானே முன்வந்து "எங்க வீட்டைக் கடைசியில வைங்க" என்று சொன்னால், ஒரு வருஷப் பிரசங்கம் செய்யாததை அது செய்யும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, "துணை" என்று ஒரு பதவி கொடுப்பது. துணைப் பொருளாளருக்குப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி இல்லையென்றால் அவர் அலங்காரத்துக்கு நிற்கிறார். மற்றொன்று, கொடுத்துவிட்டுத் தலைமாட்டிலேயே நிற்பது. பீஹூனில் (அரிசிச் சேமியாவில்) உப்புக் குறைந்தால் குறையட்டும். பழைய பொறுப்பாளர் கரண்டியை வாங்கித் திருத்தினால் அந்த நொடியே பொறுப்பு அவர் கைக்குத் திரும்பிவிடுகிறது.

9. ஏழாம் படி: சேர்ந்து வேலை, பிறகு சேர்ந்து பந்தி

முதல் பொது நிகழ்ச்சி ஆராதனையாக இருக்க வேண்டாம், எல்லோரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங்காக இருக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, கோயில் சாக்கடையைச் சுத்தம் செய்வது, சுவருக்குச் சாயம் அடிப்பது. முகம் பார்த்துப் பேசச் சங்கடப்படுகிற இரண்டு பேர், பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது "அந்தத் தூரிகையைக் கொடுங்கண்ணே" என்று பேச ஆரம்பிப்பார்கள். சண்டை போட்டவர்களை ஒரே வேலையில் சேர்த்துப் போடுங்கள். பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து ஒரு சாப்பாடு. கொரிந்துவில் முந்தி வந்தவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், பிந்தி வந்தவர்கள் பசியாயிருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 11:33). நம் ஊரில் பிந்தி வருகிறவர்கள் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். அவர்கள் வரும் நேரத்தைக் கேட்டு அதற்குத் தக்கபடி பந்தி தொடங்குங்கள். கோழியில் நல்ல துண்டுகள் முதல் வரிசையில் தீர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், நான் பார்த்த ஒரு சண்டை அதில்தான் மறுபடி பற்றியது.

இதற்கெல்லாம் பிறகுதான் பெரிய வியாழன் கால் கழுவுதல். அதையும் எல்லோருக்கும் கட்டாயமாக்காதீர்கள். குறிப்பாக, மன்னிப்புக் கேட்டவர் தான் புண்படுத்தியவரின் காலைக் கழுவ ஆசைப்பட்டால், அவரிடம் முன்னதாகவே தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதமில்லாமல் திடீரென்று காலைப் பிடித்தால், தாழ்மை போலத் தெரிகிற வன்முறை அது. இயேசு காலைக் கழுவ வந்தபோது பேதுருவே முதலில் மறுத்தார் என்பதை மறக்க வேண்டாம்.

10. பக்கத்துச் சபைகளோடு

ஊரில் மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகோஸ்தே என்று எல்லோரும் இருப்பார்கள். அங்கேயும் வரிசை இதேதான், சுருக்கமாகச் செய்யலாம். கூட்டு ஆராதனை நடத்தும் முன் போதகர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகட்டும், பெரிய சபையின் போதகர் முதலில். சின்னச் சபை தேதி குறித்தபின் அதே தேதியில் பெரிய சபை கூட்டம் வைக்க வேண்டாம். கூட்டு ஆராதனையில் பேச்சுப் பொறுப்பைச் சின்னச் சபைக்குக் கொடுத்துவிட்டு, நாற்காலி ஏற்பாட்டைப் பெரிய சபை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கோபித்துக்கொண்டு இங்கே வருகிற குடும்பத்தை உடனே அங்கத்தினராகச் சேர்க்காமல், முதலில் அங்கே போய்ப் பேசச் சொல்லி அனுப்புங்கள். எண்ணிக்கைக்கு ஆசைப்படாமல் இருப்பது போதகருக்குப் பெரிய சோதனை என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைச் செய்த ஊர்களில் போதகர்களுக்குள் நம்பிக்கை நிலைத்திருக்கிறது.

11. திரும்பி வராத குடும்பம்

எல்லாம் வரிசையாகச் செய்தும் ஒரு குடும்பம் வராமல் போகலாம். வேறு சபைக்குப் போயிருக்கலாம். மாற்குவின் காரியத்தில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபமூண்டு பிரிந்துதான் போனார்கள் (அப்போஸ்தலர் 15:39). பல வருஷங்களுக்குப் பிறகு, சிறையிலிருந்து எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் பவுல் (2 தீமோத்தேயு 4:11).

அந்தக் குடும்பத்தின் பேரை வீட்டு ஜெபப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் முதல் ஆளாகப் போங்கள், சபை விஷயத்தை அங்கே பேசாதீர்கள். கிறிஸ்துமஸ் பொட்டலம் மற்ற வீடுகளுக்குப் போகிற அதே அளவில், அதே நாளில் அங்கேயும் போகட்டும். கொண்டு போகிறவர் சபைக் குழுவில் ஒருவராக இருக்கட்டும், பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். கேரல் பாதையில் அந்த வீட்டையும் எழுதி வையுங்கள். வரலாமா என்று ஒவ்வொரு வருஷமும் நவம்பரிலேயே போன் செய்து கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த நவம்பரில் மறுபடி கேளுங்கள்.